ஆறரை மாதக் குழந்தையும் நான்கு மாதக் கணக்கும்

கேள்வி:

"டாக்டரம்மாவுக்கு வணக்கம்ங்க. நாங்க வேலந்தாவளம் பக்கம். காய்கறி மார்க்கெட்டுக்கு டெம்போ ஓட்டறேன். எங்க பையன் 29 வாரத்துலயே கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில பொறந்தான், 1,150 கிராம். ஒன்பதாம் நாள் பால் செரிக்கலை, வயிறு உப்பிடுச்சு, மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. ரத்தத்துல கிருமின்னாங்க. மூணு நாள் வென்டிலேட்டர். பிரஷர் எறங்கிடுச்சுன்னு அதுக்கும் மருந்து ஏத்தினாங்க. கல்ச்சர்ல க்ளெப்சியெல்லாங்கற கிருமி வந்துச்சு. முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்துட்டு அதுல கிருமி இல்லைன்னாங்க. 14 நாள் ஆன்டிபயாடிக். 48 நாள் கழிச்சு 1,750 கிராமோட வீட்டுக்கு வந்தோம். தலை ஸ்கேன் மூணாம் நாளும் பத்தாம் நாளும் எடுத்தாங்க, ரெண்டும் நார்மல். கண்ணு பார்த்து முடிச்சுட்டாங்க. காது டெஸ்ட் ஒண்ணு பாஸ்.

இப்ப ஆறரை மாசம். முகம் பார்த்துச் சிரிக்கிறான். ஆனா இன்னும் குப்புற விழலை, உக்கார வெச்சா சாயறான். பக்கத்து வீட்டுப் பாப்பா அஞ்சு மாசத்துலயே குப்புற விழுந்துச்சு. எங்கம்மா மட்டும், 'இவனுக்கு அப்பாரு மாதிரி எல்லாம் சோத்தாங்கைதான், பீச்சாங்கையை மடக்கியே வெச்சிருக்கான், நல்ல பழக்கம்'னு சந்தோஷப்படறாங்க. ரத்தத்துல வந்த கிருமி மூளைக்கும் போயிருக்கும், பின்னாடி புத்தி மந்தமாயிடும்னு சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னதுல இருந்து என் சம்சாரம் தூங்கறதே இல்லைங்க. கிரகணத்தன்னைக்கு வெளிய போனதுதான் காரணம்னு அவளையே பேசறாங்க. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துடட்டுங்களா?"

பதில்:

தம்பிக்கு வணக்கம்.

நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். பையன் பீச்சாங்கையை மடக்கியே வைத்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடது கையை நீட்டினாலே அதட்டுகிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. பேரன் தானாகவே சோத்தாங்கையை எடுக்கிறான் என்றால் எந்தப் பாட்டிக்கும் பெருமைதான். ஆனால் முதல் பிறந்தநாளுக்கு முன்னால் எந்தக் குழந்தைக்கும் வலது கைப் பழக்கமோ இடது கைப் பழக்கமோ வருவதில்லை. இரண்டு கையும் ஏறக்குறைய சமமாகத்தான் வேலை செய்ய வேண்டும். ஒரு கையையே திரும்பத் திரும்ப நீட்டினால், மற்ற கைக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். இந்த வாரத்திலேயே ஒரு குழந்தை நல மருத்துவரிடம் இதற்காகவே காட்டுங்கள். அடுத்த ஊசிக்குப் போகும்போது சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

பிறந்த குழந்தைகள் கையை மூடி வைப்பது இயல்பு. நிறைமாதக் கணக்கில் மூன்று மாதம் ஆகும்போது விரல்கள் பெரும்பாலான நேரம் விரிந்திருக்கும். உங்கள் மகனுக்கு அந்தக் கணக்கில் நான்கு மாதம் ஆகிறது (கணக்கைப் பின்னால் சொல்கிறேன்). இரண்டு கையும் மூடியிருந்தால்கூட இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாமா என்று யோசித்திருப்பேன். ஒன்று விரிந்து ஒன்று மூடியிருப்பதால்தான் பொறுக்க வேண்டாம் என்கிறேன்.

மருத்துவரிடம் போவதற்குள் வீட்டில் கொஞ்சம் கவனியுங்கள். பையன் அசந்து தூங்கும்போது இடது கை விரல்கள் தளர்ந்து விரிகின்றனவா, அப்போதும் இறுக்கமாகவே இருக்கின்றனவா? கட்டை விரல் மற்ற விரல்களுக்கு உள்ளே புதைந்திருக்கிறதா, வெளியே நிற்கிறதா? சட்டை மாட்டும்போது இடது கையை நுழைப்பது மட்டும் மல்லுக்கட்டாக இருக்கிறதா என்று உங்கள் சம்சாரத்தைக் கேளுங்கள்; தினமும் மாட்டிவிடுகிறவருக்குத்தான் அது தெரியும். கிலுகிலுப்பையை இடது பக்கமாகக் காட்டினால் இடது கை அசைகிறதா? துணி மாற்றும்போது இரண்டு காலும் ஒரே வேகத்தில் உதைக்கின்றனவா, இடது கால் கொஞ்சம் விறைப்பாக நிற்கிறதா? இவற்றுக்கெல்லாம் நீங்கள் சொல்லும் பதில் மருத்துவருக்குப் பாதி வேலையைக் குறைத்துவிடும்.

காரணம் மூளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ரத்தத்தில் கிருமி வந்த குழந்தைகளுக்குத் தோள்பட்டை, முழங்கை மூட்டிலோ எலும்பிலோ கிருமி போய்த் தங்கியிருந்தால் வலியால் அந்தக் கையை அசைக்காமல் வைத்திருப்பார்கள். உங்கள் மகன் விஷயத்தில் இத்தனை மாதம் கழித்து அதற்கு வாய்ப்புக் குறைவு, ஆனாலும் மூட்டைத் தொட்டுப் பார்த்து அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்பு பிரசவத்தில் இழுபட்டிருக்கலாம். எல்லாம் சரி என்றால் நானும் உங்களோடு சேர்ந்து சந்தோஷப்படுவேன்.

இனி நீங்கள் கவலைப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். உட்காரவில்லை, குப்புற விழவில்லை என்பது எனக்குக் கவலை தரவில்லை. 40 வாரத்தில் வர வேண்டியவன் 29-ல் வந்திருக்கிறான். 11 வாரம் முந்திவிட்டான். ஆறரை மாதம் என்றால் ஏறக்குறைய 28 வாரம். அதில் 11 போனால் 17 வாரம், அதாவது நான்கு மாதம். நான்கு மாதக் குழந்தை யாருடைய வீட்டிலும் உட்காராது. பக்கத்து வீட்டுப் பாப்பா ஐந்து மாதத்தில் குப்புற விழுந்தது. இவனுக்கு அந்த ஐந்து மாதம் இன்னும் வரவே இல்லை. சிரிப்பது, தலை நிற்பது, உட்காருவது, பேசுவது என எல்லாவற்றுக்கும் இரண்டு வயது முடியும் வரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழித்தல் கிடையாது. அது பிறந்த தேதியிலிருந்து எண்ணித்தான். எடை குறைவு என்று யாராவது ஊசியைத் தள்ளிப்போட்டிருந்தால் உடனே போய்ப் போட்டுவிடுங்கள்.

நான்கு மாதக் கணக்கில் நான் எதிர்பார்ப்பது வேறு. தூக்கி நிமிர்த்திப் பிடித்தால் தலை ஆடாமல் நிற்க வேண்டும். முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அது நடக்கிறது, நல்லது. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து ஒன்றோடொன்று கோத்து விளையாட வேண்டும். தலை நிற்பதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. தலைச் சுற்றளவும் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த அளவு இருக்கும். நிறைமாதக் கணக்கில் முதல் மூன்று மாதம் தலை மாதம் 2 சென்டிமீட்டர் வளரும், அடுத்த மூன்று மாதம் மாதம் 1 சென்டிமீட்டர். சாதாரண இன்ச் டேப்பில் அளந்து தலை வளர்ச்சி வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தால் தெரிந்துவிடும். செலவே இல்லாத இந்தப் பரிசோதனையை விட்டுவிட்டு எம்.ஆர்.ஐ.க்கு ஓடுவதைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

கிருமி மூளைக்குப் போயிருக்குமா என்பது சொந்தக்காரர் கிளப்பிய கேள்வி. முதுகில் எடுத்த நீர் சுத்தமாக இருந்தது என்பதால் மூளை உறையில் தொற்று இல்லை. ரத்தத்தில் கிருமி இருந்தும் அந்த ஊசியைப் போடத் தயங்கும் இடங்கள் உண்டு. உங்கள் மருத்துவர்கள் தயங்காமல் பார்த்திருக்கிறார்கள், அது பெரிய விஷயம். ஆனால் கிருமி மூளைக்குள் நுழையாமலே மூளையைத் தொந்தரவு செய்ய முடியும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

29 வாரத்தில் மூளையின் மேற்பரப்பில் மடிப்புகளே குறைவு. அவை பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் விழுகின்றன. உள்ளே ஓடும் நரம்பிழைகளுக்கு, மின்சார வயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பது போல, மயலின் என்ற கொழுப்பு உறை வர வேண்டும். அந்த உறையைப் போடப் போகிற செல்கள் 23 வாரத்திலிருந்து 32 வாரம் வரை முதிராத நிலையில் இருக்கும். அந்தப் பருவத்தில் எதையும் தாங்காது. உடல் கிருமியோடு மல்லாடும்போது ரத்தத்தில் சைட்டோகைன் என்ற அழற்சிப் பொருள்கள் ஏராளமாகச் சுரக்கும். இவை மூளையில் காவலுக்கு இருக்கும் செல்களை உசுப்பிவிடுகின்றன. உசுப்பிவிடப்பட்ட காவல் செல்கள் வெளியிடும் ரசாயனங்கள் அந்த இளம் செல்களை அழிக்கலாம், அல்லது முதிரவிடாமல் நிறுத்திவைக்கலாம். கூடவே ரத்த அழுத்தமும் இறங்கினால், மூளையின் நடுவில் நீர் அறைகளை ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதிக்கு ரத்தம் போவது குறையும். உங்கள் மகனுக்கு ஒன்பதாம் நாள், அதாவது 30 வாரக் கணக்கில், இரண்டும் சேர்ந்து நடந்திருக்கின்றன.

இந்த வகைச் சேதத்தில் வழக்கமாக இரண்டு கால்கள்தான் முதலில் விறைப்பாகும், ஏனென்றால் கால்களுக்குப் போகும் இழைகள் அந்த நீர் அறைகளை ஒட்டியே ஓடுகின்றன. ஒரு பக்கக் கை மட்டும் மூடியிருப்பது அந்த வழக்கத்தில் சேராது. மூளையின் வலது பாதியில் ஓரிடத்தில் ரத்தக்கசிவோ ரத்த ஓட்டத் தடையோ வந்திருந்தால் இப்படித் தெரியும். அதனால்தான் உங்கள் வரி என்னை நிறுத்தியது.

ஸ்கேன் இரண்டும் நார்மல் என்கிறீர்கள். தேதியைப் பாருங்கள். கிருமி வந்தது ஒன்பதாம் நாள். கடைசி ஸ்கேன் பத்தாம் நாள். வெள்ளைப் பகுதியில் சேதம் ஏற்பட்டால் அது சிறு நீர்க்கட்டிகளாகத் தலை ஸ்கேனில் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். ஒரே நாளில் எந்த ஸ்கேனும் அதைக் காட்டாது. முதல் பத்து நாளில் பெரிய ரத்தக்கசிவு இல்லை என்பதைத்தான் அந்த இரண்டு படமும் சொல்கின்றன; அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. நிறைமாதம் நெருங்கும்போது, 36 வாரத்துக்கும் 40 வாரத்துக்கும் நடுவில், இன்னொரு ஸ்கேன் எடுப்பது வழக்கம். நீங்கள் வீட்டுக்கு வந்தபோது பையனுக்கு 36 வாரம். கோப்பைப் புரட்டிப் பாருங்கள், ஒருவேளை எடுத்திருந்து உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அப்படியானால் எம்.ஆர்.ஐ.? நீங்களாக ஸ்கேன் சென்டருக்குப் போய் எடுக்க வேண்டாம். முதலில் கைபட்ட பரிசோதனை. அதில் இடது பக்கம் இறுக்கம் இருப்பது உறுதியானால் எடுப்பதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். எந்தப் பாதியில், எவ்வளவு என்று தெரியும். வலிப்புக்கு எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்றும் தெரியும். பரிசோதனையில் இரண்டு பக்கமும் சமம் என்று வந்தால், வெறும் பயத்துக்காக மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: எம்.ஆர்.ஐ. தேதிக்காகப் பயிற்சி காத்திருக்கக் கூடாது. கை இறுக்கம் தெரிந்த அன்றே பிசியோதெரபி தொடங்கலாம், படம் பிறகு வரட்டும்.

புத்தி மந்தமாகிவிடும் என்று உங்கள் சொந்தக்காரர் அடித்துச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. ஆதாரம் இருப்பது வேறு ஒன்றுக்கு. 2004-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த 6,093 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 65 சதவீதம் பேருக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஒரு தொற்றாவது வந்திருந்தது. தொற்று வராதவர்களைவிட வந்தவர்களிடம் கை கால் இறுக்கமும், வளர்ச்சித் தாமதமும், பார்வைக் குறையும், தலை வளர்ச்சிக் குறைவும் கூடுதலாக இருந்தன. கல்ச்சரில் கிருமி பிடிபடாமல் சந்தேகத்தின் பேரில் மருந்து கொடுக்கப்பட்டவர்களிடமும் அந்தக் கூடுதல் தெரிந்தது. உங்கள் மகன் அந்தக் கூட்டத்தைவிட எடை கூடுதலாகப் பிறந்தவன். ஆபத்து கூடுதல் என்பது கூட்டத்துக்குச் சொல்வது. தனியொரு குழந்தைக்கு அது தீர்ப்பு இல்லை. கடும் தொற்றிலிருந்து மீண்டு, பள்ளியில் எல்லோரோடும் படிக்கிற பிள்ளைகள் ஏராளம். அவன் புத்தியைப் பற்றி இந்த வயதில் யார் உறுதி சொன்னாலும், நல்லதாகச் சொன்னாலும் கெட்டதாகச் சொன்னாலும், நம்பாதீர்கள். கழித்த கணக்கில் 18 முதல் 24 மாதத்துக்குள் முறையாக ஒரு மதிப்பீடு செய்வோம். அப்போதும் ஓரளவுதான் தெரியும். கவனம் சிதறுவது, கணக்கு வராமல் திணறுவது போன்றவை ஒன்றாம் வகுப்புப் போன பிறகுதான் தலைகாட்டும். எனவே நடக்கத் தொடங்கியதும் இந்தக் கோப்பைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

காதைப் பற்றி. காதில் சிறு மொட்டு போல ஒன்றை வைத்து ஓரிரு நிமிடத்தில் முடித்தார்கள் என்றால் அது ஓ.ஏ.இ. சோதனை. உள்காது வரைதான் அது பார்க்கும், அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பைப் பார்க்காது. என்.ஐ.சி.யு.வில், அதாவது பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்குத் தூங்கும்போது தலையில் ஒயர் ஒட்டிச் செய்யும் பெரா சோதனையும் வேண்டும். கதவு தட்டினால் திரும்புகிறான் என்பது போதாது. அந்த 14 நாள் மருந்தில் அமிகாசின் அல்லது ஜென்டாமைசின் இருந்ததா என்று சீட்டில் பாருங்கள். அவை உயிரைக் காப்பாற்றுகிற மருந்துகள்தான், சில குழந்தைகளுக்குச் செவியைப் பாதிக்கும். கேட்கும் குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் கண்டுபிடித்து ஆறு மாதத்துக்குள் கருவி மாட்ட வேண்டும் என்பது விதி. உங்களுக்கு ஏற்கெனவே தாமதம். கைக்குக் காட்டப் போகும் அதே பயணத்தில் பெராவுக்கும் தேதி வாங்கிவிடுங்கள். கண்ணின் விழித்திரைச் சோதனை முடிந்தது நல்லது. ஒரு வயதுக்குள் மாறுகண், கண்ணாடிப் பவர் இரண்டுக்கும் ஒருமுறை காட்டினால் போதும்.

உங்கள் சம்சாரத்துக்கு. கிரகணத்துக்கும் க்ளெப்சியெல்லாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை அம்மிணி. நோயை எதிர்க்கும் பொருள்கள் தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது கடைசி மூன்று மாதத்தில்தான் அதிகம். 29 வாரத்தில் வந்தவனுக்கு அதில் பெரும்பங்கு கிடைக்கவில்லை. தோலும் மெல்லிசு, குடலும் முதிராதது. அவனை உயிரோடு வைத்த குழாய்களும் ஊசிகளுமே கிருமிக்கு வழியாகவும் ஆகிவிடுகின்றன. பிறந்து மூன்று நாளுக்குப் பிறகு வரும் தொற்று பெரும்பாலும் இந்த வழியில் வருவது. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில் முன்னணியில் இருந்த கிருமிகள் அசினெட்டோபாக்டர், க்ளெப்சியெல்லா, ஈ கோலி. ஊர் பெயரை மாற்றினாலும் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. நீங்கள் வீட்டில் இருந்ததோ வெளியே போனதோ அந்தப் பட்டியலில் இல்லை. ஏழாம் மாதம் பிறந்தது தங்கும், எட்டாம் மாதம் பிறந்தது தங்காது என்றும் இதே வாய்கள்தான் சொல்லும். உண்மையில் வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம். தூக்கமில்லாமல் போவது தொடர்ந்தால், அழுகை அடங்காமல் வந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். என்.ஐ.சி.யு. வாசலில் 48 நாள் உட்கார்ந்த தாய்க்கு மனச்சோர்வு வருவது அரிதில்லை, அதற்கும் மருந்து உண்டு.

எங்கே போவது என்பதுதான் எல்லையோரத்தில் பெரிய சிக்கல். பிறந்தது தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில். ஆஸ்பத்திரி உங்களைக் கோவைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கும். டெம்போ ஓட்டுகிறவர் ஒரு நாள் வேலையை விட்டு எத்தனை முறை போக முடியும்? உங்கள் வார்டில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆசா சேச்சிக்கோ நீங்கள் எங்கே பிரசவம் பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று முழுசாகத் தெரிந்திருக்காது. இரண்டு பக்கமும் பார்ப்பதாக நினைத்து இரண்டு பக்கமும் பார்க்காமல் போகிற குழந்தைகள் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்திலிருந்து என்னிடம் வருகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலை ஆசா சேச்சியிடம் கொடுத்து, 29 வாரம், கிருமித் தொற்று, வென்டிலேட்டர் என்ற மூன்றையும் தாய் சேய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பிறகு பாலக்காடு மாவட்ட ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்தில், டி.இ.ஐ.சி. என்றால் தெரியும், பெயரைப் பதிவு செய்யுங்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வருவது, 18 வயது வரை இலவசம். மருத்துவர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, மனநல நிபுணர் என எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும்படி அமைக்கப்பட்டது. வாராவாரம் பயிற்சிக்குப் பக்கம் எதுவோ அங்கே போங்கள்; கோவை மருத்துவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

அங்கன்வாடியிலோ ஆசா சேச்சியோ ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு பையனைச் சோதிக்கலாம். திருவனந்தபுரம் சைல்டு டெவலப்மென்ட் சென்டரில் உருவான அட்டவணை அது. 17 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. குழந்தையின் வயது வரும் இடத்தில் பென்சிலை நெட்டுக்குத்தாக வைத்தால், அதற்கு இடது பக்கம் முடிந்துவிட்ட கோடுகளில் உள்ளதையெல்லாம் குழந்தை செய்ய வேண்டும். எளிமையான, நல்ல கருவி. இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். பென்சிலை ஆறரை மாதத்தில் வைக்கக் கூடாது, நான்கு மாதத்தில் வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்த நான்கு மாதக் கோட்டில் அவன் எல்லாவற்றிலும் தேறிவிடலாம். சிரிக்கிறானா, கண்ணால் பின்தொடர்கிறானா, தலை நிற்கிறதா என்றுதான் அங்கே வரும். பொருளைக் கைக்குக் கை மாற்றுகிறானா என்ற வரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. தேறிவிட்டான் என்று சொன்னாலும் இடது கையைக் காட்டாமல் திரும்பாதீர்கள்.

உங்கள் போனில் இன்றே செய்யக்கூடிய ஒன்று. பையன் வயிறு நிறைந்து, தூக்கமோ அழுகையோ இல்லாமல், சும்மா கை காலை ஆட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாயில் மல்லாக்கக் கிடத்துங்கள். கை கால் தெரியும்படி மெல்லிய உடுப்பு மட்டும் போதும். பொம்மை வேண்டாம், யாரும் கொஞ்ச வேண்டாம். தலை முதல் கால் வரை தெரியும்படி மேலேயிருந்து ஐந்து நிமிடம் எடுங்கள். நிறைமாதக் கணக்கில் மூன்றாம் மாதத்திலிருந்து 20 வாரம் வரை, நல்ல நிலையில் உள்ள குழந்தைகளின் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு எல்லாவற்றிலும் சின்னச் சின்ன அசைவுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். பயிற்சி பெற்றவர் அந்த வீடியோவைப் பார்த்தே நிறையச் சொல்லிவிடுவார். உங்கள் மகன் 17 வாரத்தில் இருக்கிறான். 20 வாரம் தாண்டினால் அந்த அசைவுகள் தானாகவே மறைந்து போகும், அப்புறம் எடுத்துப் பயனில்லை.

இறுக்கம் உறுதியானால் என்ன செய்வார்கள்? இந்த வயதுக்கான ஒரு முறை இருக்கிறது. நன்றாக வேலை செய்யும் வலது கைக்குத் தினமும் கொஞ்ச நேரம் மெல்லிய துணி உறை மாட்டிவிட்டு, இடது கைக்கு எட்டும்படி விருப்பமான பொருளை வைப்பார்கள். இடது கை வேறு வழியில்லாமல் வேலைக்கு வரும். ஆறு மாதத்துக்கு முன்பே கண்டுபிடித்துத் தொடங்குகிற வசதி இப்போது இருக்கிறது. ஒரு வயது ஆகட்டும் பார்க்கலாம் என்பது பழைய காலம். நீங்களாக உறை மாட்ட வேண்டாம், எவ்வளவு நேரம் என்பதைத் தெரபிஸ்ட் சொல்வார். கையை உழிந்து விரலை நிமிர்த்திவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். குளிக்கும்போது எண்ணெய் தடவி மெதுவாக நீவுவதில் தப்பில்லை. மடங்கியதை இழுத்து நிமிர்த்தினால் இறுக்கம் கூடும், பிஞ்சு எலும்பு உடையவும் கூடும்.

ஓர் அவசரக் குறிப்பு. தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று முன்னால் குனிந்து, இரண்டு கையும் விரிந்து உயர்ந்து, சில நொடியில் விட்டு, மறுபடி அதேபோல் பத்து இருபது முறை தொடர்ச்சியாக வந்தால் அது திடுக்கிடல் இல்லை, மாந்தமும் இல்லை. ஒரு வகை வலிப்பு. இந்த வயதில்தான் தொடங்கும். வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. தலை நிமிர்ந்து நின்ற பிறகு கூழ் ஆரம்பியுங்கள். அங்கன்வாடியில் கொடுக்கும் அம்ருதம் பொடியும் நல்லதுதான். தாய்ப்பால் தொடரட்டும். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். வயிற்றுப் பிள்ளை இரும்பைச் சேமிப்பதும் அந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான், இவனுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. மூளை வளர இரும்பு வேண்டும்.

மருத்துவரைப் பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள். எழுதும்போது தலைச் சுற்றளவு மூன்று வேண்டும்: பிறந்த அன்று, வீட்டுக்கு வந்த அன்று, இப்போது. பெரா சோதனைக்கு எந்தத் தேதி கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.